உடலின் எடையும் மனதின் பாரமும்

வளரும் பிள்ளைகளின் எடையைக் குறித்துப் பெற்றோர் எங்களிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டே. "இவள் ஒன்றும் சாப்பிடுவதில்லை, நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போகிறாள், நல்ல டானிக்காக ஒன்று எழுதித் தாருங்கள்" என்பது ஒன்று. "இவன் பருத்துக்கொண்டே போகிறான், எடை குறைய ஏதாவது வழி சொல்லுங்கள்" என்பது மற்றொன்று. இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆனால் இரண்டிலும் ஒன்று விடுபட்டுப் போகிறது. அந்தப் பிள்ளையின் மனம் எப்படி இருக்கிறது என்று கேட்பார் இல்லை.

10 வயது முதல் 19 வயது வரையுள்ள வளரிளம் பருவத்தில் உடலின் எடையும் மனதின் நலமும் ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கின்றன என்பதையும், இதில் பெற்றோரும் ஆசிரியரும் செய்யக்கூடியது என்ன என்பதையும் இந்தக் கட்டுரையில் எளிமையாக விளக்க விரும்புகிறோம்.

இரு பக்கமும் துன்பம்

நம் நாட்டில் 2016 முதல் 2018 வரை நடந்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வின்படி, வளரிளம் பருவத்தினரில் 100 பேருக்கு 24 பேர் வயதுக்கேற்ற எடையின்றி மெலிந்திருந்தனர். 5 பேர் அளவுக்கு மீறிப் பருத்திருந்தனர். பெண் பிள்ளைகளில் 100 பேருக்கு 40 பேருக்கு இரத்தசோகை இருந்தது. இரத்தசோகையுள்ள பிள்ளை எளிதில் களைத்துப் போகும். படிப்பில் கவனம் நிற்காது. அதைச் "சோம்பேறி" என்று திட்டுவது நம் வழக்கமாகிவிட்டது.

மறுபக்கம், இதே வயதினரில் உலக அளவில் 7 பேருக்கு ஒருவர் ஏதோ ஒரு மனநலக் குறைவுடன் வாழ்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

எடை மாறிய பிள்ளைகள் எல்லாருக்கும் மனநோய் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வறுமை, காசநோய், சர்க்கரை நோய், தைராய்டு கோளாறு, குடல் நோய்கள் என்று உடல் மெலிய எத்தனையோ காரணங்கள் உண்டு. பருமனுக்கும் அப்படியே. ஆகவே முதலில் செய்ய வேண்டியது சரீரப் பரிசோதனையே. ஆனால் இரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே எல்லாம் பார்த்து "ஒன்றுமில்லை" என்று வந்துவிட்டால் அதோடு விட்டுவிடக் கூடாது. மனதையும் விசாரிக்க வேண்டும். சரீரத்தில் நோய் கண்டுபிடிக்கப்பட்டாலுங்கூட விசாரிக்க வேண்டும்.

பட்டினி மனதை என்ன செய்கிறது?

இரண்டாம் உலக யுத்தத்தின் முடிவுக் காலத்தில், 1944-45இல், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் ஒரு பரிசோதனை நடத்தினார். யுத்தத்தால் பசியில் வாடிய மக்களுக்கு எப்படி உணவளித்துத் தேற்றுவது என்று அறிவதே அதன் நோக்கம். மனச்சாட்சியின் காரணமாக ஆயுதம் எடுக்க மறுத்த 36 வாலிபர்கள் அதற்குத் தங்களை ஒப்புக்கொடுத்தார்கள். அவர்களில் பலர் சமாதானத்தைப் போதிக்கும் சபைகளைச் சேர்ந்தவர்கள். உடலிலும் மனதிலும் நல்ல சுகமுள்ளவர்கள் என்று சோதித்துத் தெரிந்துகொள்ளப்பட்டவர்கள்.

24 வாரங்கள் அவர்களுக்கு வழக்கமான உணவில் ஏறக்குறைய பாதியே கொடுக்கப்பட்டது. அவர்கள் தங்கள் எடையில் சுமார் கால் பங்கை இழந்தார்கள். எடையோடு இன்னும் பலவற்றை இழந்தார்கள். சிரிப்புப் போயிற்று. எதற்கெடுத்தாலும் எரிச்சல் வந்தது. நண்பர்களை விட்டு ஒதுங்கினார்கள். மனச்சோர்வு பிடித்துக்கொண்டது. இரவும் பகலும் உணவே நினைவாயிற்று. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். தட்டிலுள்ள கொஞ்ச ஆகாரத்தைச் சிறு சிறு துண்டாக்கி நெடுநேரம் தின்றார்கள். உணவு திரும்பக் கொடுக்கப்பட்ட பின்னும் மனம் உடனே தேறவில்லை. பல மாதங்கள் ஆயின.

இந்த வாலிபர்கள் எவரும் மனநோயாளியாக அங்கே வந்தவர்கள் அல்லர். பட்டினியே அவர்களை அந்த நிலைக்குக் கொண்டுவந்தது. மெலிந்துபோன ஒரு பிள்ளை எரிந்து விழுந்தாலும், யாரோடும் பேசாமல் மூலையில் உட்கார்ந்தாலும், அது அந்தப் பிள்ளையின் பிடிவாதம் என்று தீர்த்துவிடக் கூடாது. பட்டினியால் வாடும் மூளைக்குள் புத்திமதி எளிதில் இறங்குவதில்லை. உணவுதான் அங்கே முதல் மருந்து.

தானே பட்டினி கிடக்கும் பிள்ளை

வீட்டில் சோறு இருந்தும் உண்ண மறுத்து, உயிருக்கே ஆபத்து வரும் அளவுக்கு இளைத்துப்போகும் நோய் ஒன்று உண்டு. 1870களில் லண்டன் மருத்துவர் வில்லியம் கல் அதற்கு அனரெக்ஸியா நெர்வோசா என்று பெயரிட்டார். பெரும்பாலும் வளரிளம் பருவத்தில் தொடங்குகிறது. பெண் பிள்ளைகளிடம் அதிகம் காணப்பட்டாலும் ஆண் பிள்ளைகளுக்கும் வருகிறது. மனநோய்களில் மிக அதிகமான உயிர்களைப் பறிக்கும் நோய்களில் இது ஒன்று. பட்டினியால் இருதயம் பலவீனப்பட்டுச் சிலர் மரிக்கிறார்கள். வேறு சிலர் தற்கொலை செய்துகொள்கிறார்கள்.

இதன் தொடக்கம் சாதாரணமாக இருக்கும். யாரோ ஒருவர் "கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறாய்" என்று சொல்லியிருப்பார். பிள்ளை காலை உணவை விடும். பிறகு சோற்றை விடும். எடை குறைந்ததும் சுற்றியிருப்போர் பாராட்டுவார்கள். ஒரு கட்டத்துக்குப் பின், நிறுத்த நினைத்தாலும் நிறுத்த முடியாது. எலும்பும் தோலுமாக இருக்கையிலும் கண்ணாடியில் பருமனாகவே தோன்றும். வேறு சிலர் மறைவாக ஏராளமாய் உண்டுவிட்டு, விரலை விட்டு வாந்தியெடுப்பார்கள். இதற்குப் புலிமியா என்று பெயர். இவர்களில் பலருடைய எடை சரியாகவே இருப்பதால் வீட்டாருக்குத் தெரிவதே இல்லை.

"இதெல்லாம் மேல்நாட்டு நோய்" என்று சொல்லுகிறவர்கள் உண்டு. அது சரியல்ல. ஆனால் நம் நாட்டில் இது வேறு வேஷத்தில் வரலாம். 1995இல் டெல்லி மருத்துவர்கள் 5 இளம் பெண்களைப் பற்றி எழுதினார்கள். உண்ண மறுப்பு, ஓயாத வாந்தி, பெரும் எடை இழப்பு, மாதவிலக்கு நின்றுபோதல் ஆகியவை அவர்களிடம் இருந்தன. ஆனால் மேல்நாட்டுப் புத்தகங்களில் சொல்லியிருப்பதுபோல், தன் உடல் பருத்திருக்கிறது என்ற தவறான எண்ணம் அவர்களிடம் காணப்படவில்லை. இதனால் நோயைக் கண்டுபிடிப்பதே கடினமாயிற்று. நம் பிள்ளைகள் "நான் குண்டாகிவிடுவேன்" என்று சொல்வதற்குப் பதிலாக "வயிறு கனமாக இருக்கிறது", "சாப்பிட்டால் குமட்டுகிறது" என்று சொல்லக்கூடும். அப்போது பெற்றோர் ஸ்கேன், எண்டோஸ்கோபி என்று மருத்துவமனை மாறி மருத்துவமனை அலைகிறார்கள். பணமும் மாதங்களும் கரைகின்றன. பிள்ளையின் எடையும் கரைகிறது.

மெலிவே அழகு என்ற எண்ணம் ஒரு ஊருக்குள் எப்படி நுழைகிறது என்பதற்கு ஃபிஜி தீவு ஓர் உதாரணம். அங்கே நன்றாக உண்பதும் வாட்டசாட்டமான உடலும் பெருமையாகவே கருதப்பட்டன. 1995இல் நட்ரோகா என்னும் பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது. வந்த சில வாரங்களிலும், மீண்டும் 1998இலும், ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் அங்குள்ள பள்ளி மாணவிகளை விசாரித்தார். எடையைக் குறைக்கத் தானாக வாந்தியெடுத்ததாகச் சொன்னவர் 1995இல் ஒருவரும் இல்லை. 1998இல் 100க்கு 11 பேர் அப்படிச் சொன்னார்கள். இன்று நம் பிள்ளைகளின் கையில் இருக்கும் கைப்பேசி, அந்தத் தொலைக்காட்சியைவிடப் பல மடங்கு நெருக்கமானது என்பதைப் பெற்றோர் சிந்திக்க வேண்டும்.

பருமனும் சொல்லடியும்

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். பருமன் மனச்சோர்வைக் கொண்டுவருகிறதா, மனச்சோர்வு பருமனைக் கொண்டுவருகிறதா? இரண்டும் உண்மையே. மக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த 15 ஆய்வுகளை நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஒன்றுசேர்த்து 2010இல் வெளியிட்டார்கள். உடல் பருமன் உள்ளவர்களுக்குப் பின்னாளில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு 55 சதவீதம் அதிகமாக இருந்தது. மனச்சோர்வு உள்ளவர்களுக்குப் பின்னாளில் பருமன் வரும் வாய்ப்பு 58 சதவீதம் அதிகமாக இருந்தது.

காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதே. துக்கத்திலிருக்கும் பிள்ளை விளையாடப் போகாது. தூக்கம் கெடும். இனிப்பிலும் பொரித்த பண்டத்திலும் ஆறுதல் தேடும். எடை கூடும். எடை கூடியதும் கேலி தொடங்கும். கேலிக்குப் பயந்து உடற்பயிற்சி வகுப்பைத் தவிர்க்கும். எடை இன்னும் கூடும். மனநோய்க்குக் கொடுக்கப்படும் சில மருந்துகளும் எடையைக் கூட்டும். அப்படி நேர்ந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது.

கேலியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மின்னசோட்டா மாநிலத்துப் பள்ளிகளில் 4,746 மாணவ மாணவியரை விசாரித்த ஓர் ஆய்வு 2003இல் வெளிவந்தது. எடையின் பேரில் கேலி செய்யப்பட்ட பிள்ளைகளிடம் தாழ்வு மனப்பான்மை, மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் ஆகியவை அதிகமாக இருந்தன. கேலி செய்தவர்கள் பள்ளித் தோழர்கள் மட்டுமல்ல, வீட்டாரும் உண்டு. பிள்ளையின் உண்மையான எடை எவ்வளவு என்பதைக் கணக்கில் எடுத்த பின்னும் இந்தத் தொடர்பு மாறவில்லை. அதாவது, குண்டாக இருக்கும் பிள்ளையானாலும் ஒல்லியாக இருக்கும் பிள்ளையானாலும், கேலிச் சொல்லோடு மனக்காயமும் சேர்ந்தே காணப்பட்டது.

"குண்டம்மா", "பூசணிக்காய்", "ஒட்டடைக்குச்சி", "காற்றடித்தால் பறந்துவிடுவாய்" என்பவற்றை நாம் செல்லமாகவே சொல்லுகிறோம். திருமண வீட்டில் பத்துப் பேர் முன்னிலையில் சொல்லுகிறோம். பிள்ளையும் சிரிக்கிறது. அந்தச் சிரிப்பை நம்பிவிடக் கூடாது.

சிகிச்சை எப்படி?

மிகவும் இளைத்துப்போன பிள்ளையை மருத்துவமனையில் சேர்த்தே கவனிக்க வேண்டியிருக்கும். நீண்ட பட்டினிக்குப் பின் திடீரென நிறைய உணவு கொடுத்தால் இரத்தத்திலுள்ள பாஸ்பேட் போன்ற உப்புகள் சடுதியாகக் குறைந்து இருதயம் தடுமாறும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக, இரத்தத்தைச் சோதித்துக்கொண்டே, உணவைக் கூட்ட வேண்டும். உடல் சற்றுத் தேறிய பின்புதான் மனதோடு பேசுவது பலன் தரும்.

இதில் குடும்பத்தின் பங்கு பெரிது. லண்டனில் நடத்தப்பட்டு 1987இல் வெளியான ஓர் ஆய்வில், நோய் தொடங்கி அதிக காலம் ஆகாத இளம் பிள்ளைகளுக்கு, தனியே அளிக்கும் ஆலோசனையைவிடக் குடும்பத்தையே சேர்த்து அளித்த சிகிச்சை அதிக பலன் தந்தது. பெற்றோரைக் குற்றவாளிகளாக நிறுத்தாமல், பிள்ளைக்கு உணவூட்டும் பொறுப்பை அவர்களிடமே கொடுத்து, துணை நிற்பது அந்த முறை. குடும்பத்தைச் சிகிச்சையில் சேர்ப்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1950களிலேயே அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் உறவினரை நோயாளியோடு தங்கச் செய்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் அதே வழியில் தொடங்கியது.

பருத்த பிள்ளைக்குப் பட்டினி போடுவது மருந்தல்ல. அந்தப் பிள்ளைக்கு மட்டும் கஞ்சி, மற்றவர்களுக்குப் பலகாரம் என்றால் அது தண்டனையாகிவிடும். வீடு முழுவதும் ஒரே உணவு, ஒரே நேரம், நல்ல தூக்கம், சேர்ந்து நடத்தல் ஆகியவையே நிலைத்த பலன் தரும். வளரும் வயதில் எடையைக் குறைப்பதைவிட, மேலும் கூடாமல் பார்த்துக்கொண்டாலே போதுமானதாகப் பல நேரங்களில் அமையும். உயரம் கூடக்கூட உடல் சரியாகிவிடும்.

கவனிக்க வேண்டிய அடையாளங்கள்

1. சில மாதங்களில் உடைகள் தொளதொளவென்று ஆகுதல், அல்லது விரைவாக எடை கூடுதல்.
2. "பள்ளியிலேயே சாப்பிட்டுவிட்டேன்" என்று சொல்லி வீட்டாரோடு உண்பதைத் தவிர்த்தல்.
3. உணவு முடிந்தவுடன் குளியலறைக்குப் போய் நெடுநேரம் இருத்தல்.
4. மாதவிலக்கு தவறுதல், கைகால் குளிர்தல், மயக்கம், முடி உதிர்தல்.
5. கண்ணாடியைவிட்டு விலகாதிருத்தல், அல்லது கண்ணாடியையும் புகைப்படத்தையும் அடியோடு வெறுத்தல்.
6. நண்பர்களை விடுதல், பள்ளிக்குப் போக மறுத்தல், "நான் இருந்து என்ன பயன்" என்று பேசுதல்.

கடைசியாகச் சொன்ன பேச்சை ஒருபோதும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மத்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலும் பேசலாம்.

பிள்ளையிடம் பேசும்போது எடையிலிருந்து தொடங்க வேண்டாம். "ஏன் இப்படி ஆகிவிட்டாய்?" என்பதற்குப் பதிலாக, "கொஞ்ச நாளாக நீ வருத்தமாக இருப்பதுபோல் தெரிகிறது, என்னவென்று சொல்கிறாயா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருங்கள். பதில் முதல் நாளே வந்துவிடாது.

அன்பான நண்பர்களே, இத்தகைய பிள்ளைகளின் சிகிச்சையில் பெரும்பாலும் அறுவை சிகிச்சையோ விலையுயர்ந்த இயந்திரங்களோ தேவைப்படுவதில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்கும் ஆலோசகர், தட்டின் பக்கத்தில் பொறுமையோடிருக்கும் செவிலியர், தாயும் தங்குவதற்கு ஓர் இடம், வாரக்கணக்கான நாட்கள் ஆகியவையே தேவைப்படுகின்றன. ஏழைக் குடும்பங்களுக்கு அந்த நாட்களின் செலவே பெரும் பாரம். அந்தப் பாரத்தில் ஒரு பங்கை நீங்கள் சுமப்பதால்தான் "இன்னும் சில நாள் இருங்கள்" என்று எங்களால் அவர்களிடம் சொல்ல முடிகிறது.

இந்தக் கட்டுரையை வாசித்து முடித்தபின், உங்களுக்குத் தெரிந்த ஒரு பள்ளி ஆசிரியரிடமோ, வளரும் பிள்ளையுள்ள ஒரு தாயிடமோ கொடுத்து உதவுங்கள்.