இளங்காற்றாய் வீசும் கிட்டார்

'பிரீசின்' – ஜார்ஜ் பென்சன்
இசைத்தட்டு, 1976

இதில் உள்ளவை 6 உருப்படிகள். ஒன்றில் மட்டுமே பென்சன் வாய்திறந்து பாடுகிறார். மற்ற ஐந்திலும் அவருடைய கிட்டாரே பாடுகிறது.

பாபி வோமாக் இயற்றிய தலைப்பு மெட்டைக் கேளுங்கள். சின்னஞ்சிறு மெட்டுதான். திரும்பத் திரும்ப வரும்போதெல்லாம் விரல்கள் அதைச் சற்றே வேறாக வளைக்கின்றன. பின்னணியில் கிளாஸ் ஓகர்மான் அமைத்த வயலின்கள் மெல்லப் படர்கின்றன. ஜாஸ் அறியாதவரும் உடனே முணுமுணுக்கலாம். அறிந்தவருக்கோ ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு நுணுக்கம் கிடைக்கும். இது இன்றும் பழசாகாததன் காரணம் அதுவே.

அமெரிக்காவின் பில்போர்ட் பட்டியலில் முதலிடம் பிடித்த தட்டு இது. பென்சன் வாய்திறந்து பாடிய அந்த ஒரே பாடலான 'திஸ் மாஸ்கரேட்' கிராமி விருது பெற்றது.

தலைப்பின் பொருள், இளங்காற்றாய் வீசுதல். பாகான் டாலாம் பக்கமிருந்து ஃபெரி ஏறிப் பினாங்குத் தீவுக்குக் கடல் கடந்தவர்களுக்கு அந்தக் காற்று நன்றாகவே தெரியும்.