மாதவிடாய் நிறுத்தத்திற்குப் பின் சீனி தவிர்ப்பு

மாதவிடாய் நிறுத்தத்திற்குப் பின் சீனி தவிர்ப்பு என்பது, மாதவிடாய் முற்றாக நின்றுவிட்ட பெண்கள் உடல் எடையையும் இடுப்புச் சுற்றளவையும் குறைக்கும் நோக்கில், உணவிலும் பானங்களிலும் சேர்க்கப்படும் சீனியைக் கைவிடும் அல்லது பெருமளவு குறைத்துக்கொள்ளும் உணவுமுறை மாற்றம் ஆகும். தூத்துக்குடியும் அதனைச் சூழ்ந்த முத்துக்குளித்துறையும் உடன்குடிக் கருப்பட்டி, தூத்துக்குடி மக்ரூன், கோவில்பட்டிக் கடலைமிட்டாய் ஆகிய இனிப்புகளால் அறியப்பட்டவை. இப்பகுதியில் வெள்ளைச் சீனியை விட்டுக் கருப்பட்டிக்கு மாறுவதையே சீனி தவிர்ப்பு எனக் கருதுவோர் பலர். இக்கருத்து எந்த அளவு சரியானது என்பதும் இக்கட்டுரையில் விளக்கப்படுகிறது.

பெயர்க் குறிப்பு

தென்மாவட்டங்களில் ஆலையில் தயாராகும் வெள்ளை நிறப் பொருள் சீனி என்றே வழங்கப்படுகிறது. சர்க்கரை என்னும் சொல் கரும்பிலிருந்து பெறப்படும் நாட்டுச் சர்க்கரையையும், "அவருக்குச் சர்க்கரை இருக்கிறது" என்னும் வழக்கில் நீரிழிவு நோயையும் குறிக்கக்கூடும். உலக சுகாதார அமைப்பு இவ்வேறுபாடுகளைப் பொருட்படுத்துவதில்லை. சமைப்பவரோ உற்பத்தியாளரோ உண்பவரோ உணவில் சேர்க்கும் எல்லாச் சர்க்கரைகளும், தேன், பாகு, பழச்சாறு ஆகியவற்றில் இயல்பாக உள்ளவையும் ஒரே வகையாகவே கணக்கிடப்படுகின்றன. 2015 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட அதன் வழிகாட்டுதல், இவ்வகைச் சர்க்கரை நாளாந்த ஆற்றலில் 10 சதவிகிதத்துக்குக் குறைவாக இருக்கவேண்டும் என்றும், 5 சதவிகிதத்துக்குக் குறைவாயின் கூடுதல் நன்மை கிடைக்கலாம் என்றும் கூறுகிறது. 2000 கலோரி உண்பவருக்கு இவை முறையே 50 கிராம், 25 கிராம் ஆகும்.

உடலில் நிகழும் மாற்றங்கள்

தொடர்ந்து பன்னிரண்டு மாதங்கள் மாதவிடாய் வராதிருப்பின் அது மாதவிடாய் நிறுத்தம் எனக் கொள்ளப்படுகிறது. மேலைநாடுகளில் இது சராசரியாக 51 வயதையொட்டி நிகழ, இந்தியப் பெண்களுக்குப் பொதுவாக 46, 47 வயதிலேயே நிகழ்ந்துவிடுகிறது. சூலகங்கள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் இயக்குநீர் குறைவதால், அதுவரை இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்துவந்த கொழுப்பு வயிற்றுப் பகுதியில் சேரத் தொடங்குகிறது. உள்ளுறுப்புகளைச் சுற்றிப் படியும் இக்கொழுப்பு இன்சுலினின் செயற்பாட்டைக் குன்றச் செய்கிறது. தசை குறைவதும் எலும்பின் அடர்த்தி குறைவதும் இதே காலத்தில்தான்.

"மாதவிடாய் நின்றதும் உடலின் எரிப்பு வேகம் சட்டெனக் குறைந்துவிடும்" என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. இதற்கு வலுவான சான்று இல்லை. 29 நாடுகளைச் சேர்ந்த 6,400 க்கும் மேற்பட்டோரின் அளவீடுகளைக் கொண்டு 2021 ஆம் ஆண்டு சயன்ஸ் இதழில் வெளியான ஆய்வில், உடலின் அளவையும் கட்டமைப்பையும் கணக்கில் எடுத்துக்கொண்டால், 20 முதல் 60 வயது வரை ஆற்றல் செலவு ஏறத்தாழ மாறாமலே இருப்பது தெரியவந்தது. எனவே நடுவயது எடைக்கூடுதலுக்குத் தசை குறைதல், உடலுழைப்புக் குறைதல், தூக்கக் குறைவு, முன்போலவே தொடரும் உணவு ஆகியவையே பெருங்காரணங்கள். மாதவிடாய் நிறுத்தம் குறிப்பாக மாற்றுவது கொழுப்பு சேரும் இடத்தையே எனலாம். அதனால் எடைப்பொறியைவிட அளவுநாடாவே இவ்வயதில் பயனுள்ள கருவியாகும். இந்தியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட இடுப்புச் சுற்றளவு வயிற்றுப் பருமனாகக் கொள்ளப்படுகிறது.

சீனியை விட்டால் எவ்வளவு எடை குறையும்

ஒரு நாளில் மூன்று குவளை தேநீர் அருந்தி, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி சேர்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். தேக்கரண்டிக்கு 5 கிராம் எனில் மொத்தம் 30 கிராம். கிராமுக்கு 4 கலோரி வீதம் 120 கலோரி. ஒரு கிலோ உடற்கொழுப்புக்கு 7,700 கலோரி என்னும் பழைய வாய்பாட்டின்படி கணக்கிட்டால், ஓராண்டில் ஐந்தரை கிலோவுக்கு மேல் குறையவேண்டும். பத்தாண்டில் 57 கிலோ குறையவேண்டும்! இந்த விடையே வாய்பாட்டின் குறையைக் காட்டிவிடுகிறது. எடை குறையக் குறைய உடல் செலவிடும் ஆற்றலும் குறைகிறது. 2011 ஆம் ஆண்டு லான்செட் இதழில் கெவின் ஹாலும் உடனாய்வாளரும் வெளியிட்ட கணிப்பின்படி, நாள்தோறும் சுமார் 24 கலோரி நிலையாகக் குறைத்தால் இறுதியில் ஒரு கிலோ குறையும். அதில் பாதிக்கே ஓராண்டு ஆகும். இதன்படி மேற்கூறியவருக்கு முதலாண்டில் இரண்டரை கிலோ, மூன்றாண்டளவில் ஐந்து கிலோ குறையலாம். அதுவும், சீனியை விட்ட இடத்தை இன்னொரு தோசையோ முறுக்கோ நிரப்பாதிருந்தால் மட்டுமே.

நடைமுறையில் நிரப்பிவிடுகிறது. பிரித்தானிய மருத்துவ இதழில் 2013 இல் வெளியான தொகுப்பாய்வில், மற்ற உணவுக்குக் கட்டுப்பாடு விதிக்காமல் சர்க்கரையை மட்டும் குறைத்த வயது வந்தோரின் எடை சராசரியாக 0.8 கிலோவே குறைந்திருந்தது. சர்க்கரைக்கு ஈடாக அதே ஆற்றலுள்ள வேறு மாவுப்பொருளை உண்டவர்களிடம் எடை மாற்றமே இல்லை. ஆகவே சீனிக்கெனத் தனியாகக் கொழுக்க வைக்கும் ஆற்றல் ஏதுமில்லை. அது வயிற்றை நிறைக்காமல் ஆற்றலைச் சேர்க்கிறது என்பதே அதன் குற்றம்.

நாளடைவில் பயன் தேய்வதும் கவனிக்கத்தக்கது. ஐக்கிய அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 48,835 பெண்களைக் கொண்டு நடத்தப்பட்ட பெண்கள் நலத் திட்டத்தின் உணவுமுறை ஆய்வில், கொழுப்பைக் குறைத்துக் காய்கனி, தானியங்களைக் கூட்டிக்கொண்டோர் முதலாண்டில் சராசரியாக 2.2 கிலோ எடை குறைந்தனர். ஏழரை ஆண்டுகளுக்குப் பின் இரு பிரிவினருக்கும் இடையே இருந்த வேறுபாடு 0.4 கிலோ மட்டுமே. இது சீனியைப் பற்றிய ஆய்வன்று. ஆயினும் இவ்வயதுப் பெண்களின் எடை பற்றிய மிகப்பெரிய ஆய்வுகளுள் ஒன்று.

கருப்பட்டி

தூத்துக்குடி மாவட்டத்தின் தென்பகுதியில், செம்மணல் தேரிகளை ஒட்டிய உடன்குடி வட்டாரம் கருப்பட்டிக்குப் பெயர்பெற்றது. பனையேறி பாளையைச் சீவி, உட்புறம் சுண்ணாம்பு பூசிய கலயத்தைக் கட்டிப் பதநீர் இறக்குவார். சுண்ணாம்பு, பதநீர் புளித்துக் கள்ளாவதைத் தடுக்கிறது. இறக்கிய பதநீரை வீட்டுப் பெண்கள் புகைக்கு நடுவே நீண்ட நேரம் காய்ச்சி, பாகு பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்றி ஆறவிடுவர். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023 ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது.

வேதியியல் நோக்கில் கருப்பட்டியின் பெரும்பகுதி சுக்ரோஸ், அதாவது வெள்ளைச் சீனியில் உள்ள அதே பொருள். ஈரப்பதமும் தாது உப்புக்களும் சிறிதளவு கலந்திருப்பதால் கிராமுக்குக் கிடைக்கும் ஆற்றல் சற்றுக் குறைவு, அவ்வளவே. இனிப்புப் போதாமல் ஒரு துண்டு கூடுதலாகப் போட்டால் அந்த வேறுபாடும் மறைந்துவிடும். கருப்பட்டியில் இரும்புச்சத்து இருக்கிறது என்பது அடுத்து முன்வைக்கப்படும் வாதம். ஒரு குவளைக் காப்பியில் கரையும் சிறு துண்டிலிருந்து கிடைக்கும் இரும்பு மிகச் சொற்பம். மேலும், மாதந்தோறும் குருதி இழப்பு நின்றுவிடுவதால் இவ்வயதில் பெண்ணின் இரும்புத் தேவையே குறைகிறது. இளம்பெண்ணுக்குச் சொல்லத்தக்க காரணம் தாய்க்கும் பாட்டிக்கும் அதே அளவில் பொருந்தாது.

இந்நம்பிக்கைக்கு வேர் உண்டு. பூப்பெய்திய பெண்ணுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் இடுப்பு வலுப்பெற உளுந்தங்களி கொடுப்பது தென்மாவட்ட வழக்கம். உளுந்து, கருப்பட்டி, நல்லெண்ணெய் ஆகியவை அதன் பொருட்கள். வளரும் உடலுக்கும் பாலூட்டும் உடலுக்கும் அது தகுந்த உணவே. ஐம்பது வயதில் எடை குறைக்க முனைபவருக்கு அதன் உளுந்து பயன்படும். கருப்பட்டியையும் எண்ணெயையும் அளவிட்டே சேர்க்கவேண்டும்.

சீனி கலந்து காய்ச்சிய போலிக் கருப்பட்டியும் சந்தையில் உண்டு. சுவைக்காகவும் பனைத்தொழிலாளரின் வாழ்வுக்காகவும் நல்ல கருப்பட்டியை வாங்குவது வேறு. அதை எடை குறைக்கும் மருந்தாக எண்ணுவது வேறு.

பிற இனிப்புகளும் பானங்களும்

முட்டையின் வெண்கருவும் சீனியும் முந்திரியும் சேர்த்துச் செய்யப்படும் மக்ரூன், வாயில் வைத்ததும் கரைவதால் குறைவாக உண்டதுபோன்ற மயக்கத்தைத் தருகிறது. 2020 இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாயில் வெல்லப்பாகு இருப்பினும், நிலக்கடலையின் புரதம் பசியைச் சற்றுத் தணிக்கும். குளிர்பானமே இவற்றுள் மோசமானது: 300 மில்லிலீட்டரில் ஏறத்தாழ 30 கிராம் சர்க்கரை இருக்கும். செயற்கை இனிப்பூட்டிகளை எடைக் கட்டுப்பாட்டுக்குப் பயன்படுத்த வேண்டாம் என உலக சுகாதார அமைப்பு 2023 இல் பரிந்துரைத்தது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அப்பரிந்துரை பொருந்தாது.

தட்டில் சோறு மாறாமல் சீனி மட்டும் குறைந்தால் பலன் சிறிதாகவே இருக்கும். கடற்கரையில் எளிதிற் கிடைக்கும் சாளை, நெத்திலி போன்ற சிறுமீன்கள் தசைக்குத் தேவையான புரதத்தைத் தருவன. நெத்திலியை முள்ளோடு உண்பதால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். கருவாட்டில் உப்பு மிகுதி என்பதால் குருதி அழுத்தம் உள்ளவர்கள் அதை ஈடாகக் கொள்ளலாகாது. விரைவாக எடை குறைப்பது எலும்பையும் தசையையும் சேர்த்தே குறைக்கும். நடைப்பயிற்சியோடு எடை தூக்குவது போன்ற தசைப் பயிற்சிகளும் தேவைப்படுவது இதனால்தான்.

நீரிழிவு உள்ளவர்கள்

2023 இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவிகிதத்தினருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. இன்சுலின் அல்லது சல்போனைல்யூரியா வகை மாத்திரை எடுப்பவர்கள், மருந்தின் அளவை மாற்றாமல் சீனியையும் சோற்றையும் திடீரெனக் குறைத்தால் குருதிச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு ஆகியன இதன் அறிகுறிகள். மாதவிடாய் நிறுத்தக் காலத்தில் வரும் வெப்ப அலையும் வியர்வையாகவும் படபடப்பாகவும் தோன்றுவதால், ஒன்றை மற்றொன்றாகக் கருதிவிட வாய்ப்பு உள்ளது. குளுக்கோமீட்டர் இருப்பின் உடனே சோதித்துப் பார்க்கலாம். அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால், அல்லது சோதிக்க வழியில்லாதிருந்தால், மூன்று தேக்கரண்டி சீனியையோ குளுக்கோசையோ நீரில் கரைத்து உடனே அருந்தவேண்டும். பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்கவேண்டும். சீனியை அறவே விட்டவர் வீட்டிலும் இத்தேவைக்காகச் சிறிது சீனி இருப்பது நல்லது.