மாடக்குளத்துக்குக் கீழே ஒரு மே மாதம்

மே பிறந்தால் மதுரைக்காரர்களுக்குக் கொடைக்கானல். எங்கள் தெருவில் மட்டும் நாலு வீடு பூட்டிக் கிடந்தது. போனவர்கள் இ-பாஸ் எடுத்துக்கொண்டு, வத்தலக்குண்டு தாண்டியதும் வண்டி வண்டியாக ஊர்ந்து, ஏரிக்கரையில் நிற்க இடமில்லாமல் திரும்பி வந்து சொல்கிற கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். 2025 கோடைக்கு அந்த மலைக்கு வார நாட்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று நீதிமன்றமே வரம்பு கட்டும் அளவுக்குப் போயிருக்கிறது நிலைமை.

நாங்கள் இந்த வருடம் போகவில்லை. அம்மாவுக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை முடிந்து, வேளை தவறாமல் சொட்டு மருந்து விட வேண்டியிருந்தது. பிள்ளைகள் இருவரும் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார்கள். மூன்றாம் நாள், பால் வாங்கக் கூட வந்த மகள் எதிரே வந்த பஸ்ஸின் பலகையைப் படித்துவிட்டுக் கேட்டாள்: "அப்பா, மாடக்குளம்னு போட்டிருக்கே, குளம் எங்க இருக்கு?" பதிலுக்குக் காத்திராமல் அவளே அடுக்கினாள். தல்லாகுளம், பீபிகுளம், ஊமச்சிகுளம், தெப்பக்குளம். "இதெல்லாம் குளமா?"

ஒன்பது வயது. பிறந்ததிலிருந்து மதுரை. தினமும் அந்தப் பஸ்ஸைப் பார்க்கிறாள். எனக்குச் சுருக்கென்றது. சாயங்காலமே கிளம்பிவிட்டோம், கறுப்புக் கண்ணாடியோடு அம்மாவும்.

மாடக்குளம் கண்மாய் எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம். அதன் கரையில் நான் கால் வைத்துப் பதினைந்து வருடம் இருக்கும். மே மாதம் என்பதால் பாதி வறண்டு, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நடுவில் மிச்சமிருந்த தண்ணீரில் கொக்குகள். கரையோரம் கருவேல மரங்கள், அவற்றின் அடியில் நாலு மாடு. அங்கே வந்ததும் அம்மா ஆளே மாறிவிட்டாள். கண்மாய்ப் பாசன ஊரில் பிறந்து வளர்ந்தவள். பாசனத்துக்குத் திறக்கும் மடை எது, மிச்சத் தண்ணீர் வழியும் கலுங்கு எது, தண்ணீர் எந்தப் பக்கமாக உள்ளே வரும், நிறைந்தால் எந்தப் பக்கம் மறுகால் பாயும் என்று பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு காட்டினாள். மடையின் இரண்டு கல் தூண்களும் இடுப்புயரம் வரை ஒரு நிறம், அதற்கு மேலே வேறு நிறம். அந்தக் கோட்டில் வரிசையாக நத்தை ஓடுகள் ஒட்டியிருந்தன. அம்மா ஒன்றைக் கிள்ளி எடுத்து மகளின் உள்ளங்கையில் வைத்தாள். "இந்தக் கோடு வரைக்கும் நனைஞ்சா அந்த வருசம் ஊருக்குக் கஞ்சி உண்டுன்னு அர்த்தம், கண்ணு."

வைகையிலிருந்து பிரியும் கால்வாய்தான் இந்தக் கண்மாய்க்குத் தாய். பாண்டியர் காலக் கல்வெட்டுகள் இந்த நகரத்தை 'மாடக்குளக்கீழ் மதுரை' என்று சொல்கின்றன. மாடக்குளத்துக்குக் கீழே, அதன் பாசனப் பகுதியில் இருக்கும் மதுரை. எவ்வளவு பெரிய விஷயம் இது! அரண்மனையும் கோயிலும் இருந்த தலைநகருக்கு விலாசம் ஒரு கண்மாய். இன்று நாம் கண்மாய்க்கு விலாசம் சொல்ல அடுக்குமாடிக் குடியிருப்பின் பெயரைச் சொல்கிறோம்.

அதன் பிறகு வந்த பத்து நாளும் எங்களுக்குத் தண்ணீரின் பின்னால்தான் போயிற்று. இதை முன்கூட்டித் திட்டமிடவில்லை, மகளின் கேள்வி இழுத்துக்கொண்டு போனது.

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்கு ஒரு மாலை போனோம். பக்கத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் அடி. 1645-இல் திருமலை நாயக்கர் வெட்டியது. அவர் கட்டிய மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த இடமே குளமாயிற்று என்றும், தோண்டும்போதுதான் மீனாட்சி கோயிலில் இருக்கும் முக்குறுணி விநாயகர் கிடைத்தார் என்றும் சொல்வார்கள். நான் கல்லூரியில் படிக்கும்போது இந்தக் குளத்துக்குள் இறங்கி கிரிக்கெட் ஆடியிருக்கிறேன். மைய மண்டபம் வரை செருப்புக் காலோடு நடந்து போகலாம், அவ்வளவு வறட்சி. தைப்பூசத் தெப்பத்தன்றுகூடக் குளம் வறண்டு கிடந்த வருடங்களும் உண்டு. பிறகு பனையூர்க் கால்வாயைச் சீர்செய்து வைகைத் தண்ணீரை உள்ளே விட்டார்கள். இப்போது மைய மண்டபத்தின் நிழல் தண்ணீரில் ஆடுகிறது. நான் கிரிக்கெட் ஆடிய கதையைச் சொன்னால் மகன் நம்பவே இல்லை. கரையில் சுண்டல் விற்ற அண்ணன்தான் எனக்குச் சாட்சி சொன்னார். குளம் நிறைந்த பிறகு தன் தெருவில் போர்க்குழாயில் தண்ணீர் ஏறிவிட்டது என்றும் சொன்னார். ஒரு கால்வாயைத் தோண்டித் துடைத்தால் போதும், ஒரு தலைமுறையின் ஞாபகமே மாறிவிடுகிறது. என் மகனுக்குத் தெப்பக்குளம் என்றால் தண்ணீர்.

கீழக்குயில்குடி சமணர் மலைக்கு விடிகாலையில் போக வேண்டும். ஏழரை மணிக்கு மேல் பாறை சுடும். அடிவாரத்தில் தாமரைக் குளம், அய்யனார் கோயில், விழுது இறங்கிய ஆலமரம். பாறையில் வெட்டிய படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளம். ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட எட்டுச் சிற்பங்கள் ஒரே வரிசையில், கீழே வட்டெழுத்து. தலைக்கு மேல் நாகம் குடை பிடிக்கும் பார்சுவநாதரை மகனுக்குப் பிடித்துப்போயிற்று. மகள் சிற்பங்களை அதிகம் பார்க்கவில்லை, அருகிலிருந்த சுனையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கத்திரி வெயில் காலத்தில் பாறை மேல் தண்ணீர்! சமணத் துறவிகள் இந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்கு விளக்கமே வேண்டியதில்லை. சுனைக்குள் இரண்டு பிளாஸ்டிக் பாட்டில் மிதந்தது. மகன் இறங்கி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

 

குளிருக்கும் மேகத்துக்கும் பிள்ளைகள் ஏங்குவது நியாயம்தான். மதுரை மே மாதம் எப்படிக் காயும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் என் கவலை வேறு. பஸ் பலகையில் மட்டும் குளம் மிஞ்சினால், அடுத்து வருகிற பிள்ளை கேள்விகூடக் கேட்காது. பெயர் தெரியாத வாய்க்காலை மூடும்போது யாருக்கும் வலிக்காது. அது சாக்கடை, மூடினால் நல்லது என்றுதான் தோன்றும். எங்கள் தெருவிலேயே அப்படி நடந்திருக்கிறது. ஊட்டி ஏரியையும் கொடைக்கானல் ஏரியையும் படமாக வரையத் தெரிந்த பிள்ளைக்கு, தன் வீட்டுக் குழாய்த் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, வாசலில் விழும் மழை எங்கே போகிறது என்பது தெரியாது. சொல்ல வேண்டிய நாமும் மறந்துவிட்டோம். மடை, கலுங்கு, மறுகால் என்ற சொற்களை என் அம்மா தலைமுறை கையில் வைத்திருக்கிறது. அவர்கள் கண் தெளிவாக இருக்கும்போதே கரைக்கு அழைத்துப் போய்க் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கும்போது கோடை மழை பெய்தது. ஒரு மணி நேரம், இடியோடு. விட்டதும் மகள் வாசலுக்கு ஓடினாள். தெருவில் ஓடிய தண்ணீரில் ஒரு வேப்பிலைக் கொத்தைப் போட்டு, "எந்தக் கண்மாய்க்குப் போகுதுன்னு பார்க்கலாம்" என்று பின்னாலேயே நடந்தாள். மகனும் நானும் கூடப் போனோம். முதல் திருப்பம், பிள்ளையார் கோயில், ரேஷன் கடை என்று கொத்து நன்றாகத்தான் போயிற்று. கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் ஒரு காம்பவுண்டுச் சுவர். கணுக்காலளவுத் தண்ணீர் அங்கே தேங்கி நின்றது. கொத்து சுவரில் முட்டி, மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்து அம்மாவிடம் சொன்னோம். "அந்தச் சுவரு இருக்கிற எடத்துலதாம்ப்பா வாய்க்கா இருந்துச்சு. நீ பொறந்தப்ப உன் துணியெல்லாம் அங்கதான் அலசுனேன்" என்றாள்.