உடும்பை வீட்டில் வளர்க்கலாமா?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெசவோடு, ஊருக்கு வெளியே கொஞ்சம் நெல்லும் பயிர் செய்யும் அன்பர் ஒருவர் அண்மையில் ஒரு கேள்வியோடு வந்தார். அவருடைய மகன் வயல் வரப்பில் ஓர் உடும்புக் குட்டியைப் பிடித்து வந்து, கூடையைப் போட்டுக் கவிழ்த்து வைத்திருக்கிறான். "பையன் விடமாட்டேன் என்கிறான். இதற்கு என்ன தீனி போடுவது?" என்று கேட்டார்.

தீனியைப் பற்றிப் பேசுவதற்கு முன் சட்டத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் உடும்பு முதல் அட்டவணையில் உள்ளது. புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு இதற்கும் உண்டு. பிடிப்பது, அடைத்து வைப்பது, கொல்வது, கறியோ தோலோ விற்பது எல்லாமே குற்றம். 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்கலாம். விளையாட்டாகச் செய்தது என்று சொல்லித் தப்ப முடியாது. வெளிநாட்டு இனம் என்று கடையில் வாங்கினாலும், பன்னாட்டு ஒப்பந்தப் பட்டியலில் உள்ள இனமானால் 2024-ல் வந்த விதிகளின்படி அரசிடம் பதிவு செய்தாக வேண்டும்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். வளர்ப்பதாகவே வைத்துக் கொண்டாலும் அது எளிதல்ல. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும், கானா, டோகோ நாடுகளிலிருந்து வரும் சவன்னா உடும்பைப் புதிதாக ஆசைப்படுவோர் வாங்குகிறார்கள். மூன்று, நான்கு அடி வளரும் அந்த இனத்துக்கு எட்டடி நீளம், நான்கடி அகலக் கூண்டு வேண்டும். வளை தோண்ட இரண்டடி ஆழத்துக்கு ஈர மண் வேண்டும். வெயில் காயும் இடம் 50 டிகிரி செல்சியஸ் சூட்டுக்குக் குறையக் கூடாது. மறுகோடியோ குளுமையாக இருக்க வேண்டும். இதெல்லாம் இல்லாமல் கண்ணாடித் தொட்டியில் போட்டு எலியாகவே ஊட்டினால் கொழுத்து, நீர் வற்றி, மூட்டுகளில் வாதம் கண்டு சாகிறது. நம் உடும்போ மூக்கிலிருந்து வால் நுனி வரை ஐந்தே முக்கால் அடி கூட வளரும். எடை ஏழு கிலோவை எட்டலாம். தறி போட்டதுபோக வீட்டில் மிஞ்சும் இடம் எவ்வளவு என்பது நெசவாளருக்குத் தெரியாதா!

உடும்பு தன் பிளந்த நாக்கை நீட்டி நீட்டி மோப்பம் பிடித்து இரை தேடும். குட்டிக்கு வண்டும் வெட்டுக்கிளியும் போதும். வளர்ந்தது நண்டு, நத்தை, தவளை, எலி, முட்டை என எதையும் விடாது. வரப்பைத் துளைக்கும் நண்டையும், கதிரைக் கத்தரிக்கும் எலியையும் கூலி கேட்காமல் தின்கிற பிராணியைக் கூடைக்குள் போட்டு, நாம் தீனி தேடி அலைவது என்ன கணக்கு?

ஆகவே வளர்க்க விரும்புவோர் வயலில் வளர்க்கலாம். பெண் உடும்பு மண்ணில் குழி பறித்தோ, கறையான் புற்றிலோ சுமார் 20 முட்டை இடும். பொரிய ஐந்தரை மாதம் முதல் எட்டு மாதம் வரை ஆகும். எனவே ஓரத்துப் புற்றையும் புதரையும் அடியோடு அழிக்க வேண்டாம். விஷம் தின்ற எலியைத் தின்னும் உடும்புக்கும் ஆபத்து உண்டு. எலிக்குத் தஞ்சாவூர்க் கிட்டி வைப்பது நலம்.

கடித்தால் ஆள் செத்துவிடும் என்பது வீண் பயம். ஆனால் பல்லும் நகமும் ஆழமாகக் கிழிக்கும், வால் சாட்டைபோல் வீசும். காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, மருத்துவரிடம் காட்டித் தடுப்பூசி போட்டுக் கொள்ள வேண்டும். தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிட்டால் வயிற்றுப்போக்குக் கிருமி தொற்றலாம். குழந்தைகள் விஷயத்தில் அதிக கவனம் தேவை. வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட்டுக் கும்பிடும் ஊர்தான் காஞ்சிபுரம். உடும்பைத் தொட வேண்டியதில்லை.

வீட்டுக்குள் வந்துவிட்டால் நாயைக் கட்டிவிட்டு, வெளிக் கதவைத் திறந்து வைத்து ஒதுங்கி நின்றால் தானே போய்விடும். சந்தில் புகுந்ததை வாலைப் பிடித்து இழுக்காதீர்கள். உடம்பை ஊதி, நகத்தை ஊன்றிக் கொள்ளும். உடும்புப் பிடி என்று சும்மா சொல்லவில்லை. வனத்துறைக்குத் தகவல் தருவதே சரி.

நம் அன்பரும் பையனைக் கூட்டிக்கொண்டு போய்க் குட்டியை வனத்துறையினரிடம் ஒப்படைத்துவிட்டார். பையனுக்கு முகமே இல்லை. வீட்டு அம்மாவுக்கோ வேறு கவலை: வயலில் உடும்பு இருந்தால் பக்கத்துக் கொட்டகையில் இருக்கும் கோழிகள் என்ன ஆகும்?

கவலை நியாயமானதே. முட்டையையும் குஞ்சையும் உடும்பு தின்னும். கீரிக்கும் பூனைக்கும் பயந்து இரவில் மட்டும் கூட்டை அடைப்பது இதற்குப் பயன்படாது. உடும்பு பகலில், வெயில் ஏறிய பிறகு வரும் பிராணி. குஞ்சுகள் இருக்கும் கூட்டுக்கு அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலையை நாற்புறமும் அடித்து, அடியில் ஓர் அடி மண்ணுக்குள் புதைக்க வேண்டும். இல்லாவிட்டால் தோண்டி நுழையும். மரம் ஏறும் பிராணியாதலால் மேலேயும் வலை வேண்டும். முட்டையைப் பொழுது ஏறுமுன் எடுத்துவிட வேண்டும்.