பழியெல்லாம் போர்த் தண்ணீருக்கு

சின்னமனூருக்கோ கம்பத்துக்கோ வாக்கப்பட்டு வந்த பெண்ணுக்கு முடி கொட்டினால், முதல் குற்றவாளி ஊர்த் தண்ணீர்தான். "போர்த் தண்ணி ஒத்துக்கலை" என்று ஷாம்பூவை மாற்றுவார்கள், எண்ணெயை மாற்றுவார்கள். ஆறு மாதம் இதிலேயே ஓடிவிடும். கழுத்துப் பக்கம் யாருக்கும் நினைப்பே போகாது.

அங்கேதான் தைராய்டு சுரப்பி இருக்கிறது. கிருமியை விரட்ட வேண்டிய நோய் எதிர்ப்பு சக்தி, சொந்தச் சுரப்பியையே பகையாக நினைத்து அரித்துத் தின்பதற்குப் பெயர் ஹாஷிமோட்டோ நோய். 1912-ல் ஹகாரு ஹாஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர், நான்கு பெண்களின் வீங்கிய தைராய்டில் வெள்ளணுக்கள் குவிந்து கிடப்பதைப் பார்த்து எழுதினார். அயோடின் குறைவால் வரும் கழலை வேறு, இது வேறு; உப்பை மாற்றினால் தீராது. அரிபட்ட சுரப்பியில் சுரப்பு குறையும். சென்னை உள்ளிட்ட 8 நகரங்களில் நடத்தி 2013-ல் வெளியான ஆய்வில், பத்தில் ஒருவருக்குத் தைராய்டு சுரப்பு குறைவாக இருந்தது. ("எனக்குத் தைராய்டு இருக்கு" என்பார்கள். அது எல்லோருக்கும்தான் இருக்கிறது!)

சுரப்பு குறைந்தால், வளர வேண்டிய முடிகள் கூட்டமாக ஓய்வுக்குப் போய்விடும். இரண்டு மூன்று மாதம் வேரில் சும்மா இருந்துவிட்டு உதிரும். இன்று சீப்பில் சுருண்டு வருவது சித்திரையில் நடந்ததற்கு ஆடியில் வரும் தாக்கல். தைராய்டு மாத்திரை தொடங்கிய பிறகும் முடி திரும்பச் சில மாதங்கள் ஆவது இதனால்தான். கூடவே புருவத்தின் வெளி ஓரம் மெலிந்தால், அசதியும் மலச்சிக்கலும் இருந்தால், சந்தேகம் வலுக்கும். வட்டமாகச் சொட்டை விழும் புழுவெட்டு தனிக் கதை. அதில் புழு எதுவும் இல்லை. அங்கே எதிர்ப்பு சக்தி முடி வேரையே தாக்குகிறது. ஹாஷிமோட்டோ உள்ளவர்களுக்கு அதுவும் சற்று அதிகம் வரும், ஆனால் தைராய்டு மாத்திரைக்கு அது அடங்காது.

மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணியாவது பொறுக்க வேண்டும். விடியுமுன் ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறுகிறவர், கையில் இருக்கும் டீயோடு அதை விழுங்கினால் மருந்து முழுதாக உடம்பில் சேராது. காலையில் தோதுப்படாதென்றால், இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

இன்னொன்று. முடிக்கென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அது தைராய்டு ரத்தப் பரிசோதனை முடிவையே தவறாகக் காட்டிவிடும். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பாவது அதை நிறுத்துங்கள்; சாப்பிட்டதை லேபிலும் சொல்லிவிடுங்கள்.