நோயாளிகள் பெருகினால் சாவும் பெருகுமா?

2022-இல் உலகம் முழுவதும் ஏறத்தாழ 2 கோடிப் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. 97 லட்சம் பேர் அந்நோயால் இறந்தார்கள். 2050-இல் புதிய நோயாளிகள் மூன்றரைக் கோடியைத் தாண்டக்கூடும் என்கிறது, இக்கணக்கை வெளியிட்ட பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை. பிரான்சின் லியோன் நகரில் இயங்கும் அமைப்பு அது. எண்ணைப் பார்த்தால் பகீரென்கிறது. ஆனால் இன்றைய நோய் விகிதம் துளியும் மாறாவிட்டாலும் அந்த எண் வரும். மக்கள்தொகை கூடுகிறது, ஆயுளும் கூடுகிறது; புற்றுநோய் பெரும்பாலும் வயதானவர்களைத் தாக்குகிறது. இதனால்தான் ஆய்வாளர்கள் வயது வித்தியாசத்தைச் சரிசெய்துவிட்டே நாடுகளை ஒப்பிடுகிறார்கள்.

அப்படிச் சரிசெய்தாலும் நோய் கண்டறியப்பட்ட எண்ணிக்கை தனியாக நின்றால் ஏமாற்றிவிடும். தென்கொரியா நல்ல உதாரணம். 1999-இல் அங்கே அரசின் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. தைராய்டு அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஆனாலும் கொஞ்சம் கூடுதல் பணம் கட்டினால் கழுத்துக்கும் ஸ்கேன் எடுத்துக்கொள்ளலாம் என்று மருத்துவமனைகள் வழிவிட்டன. 2011-இல் தைராய்டு புற்றுநோய் விகிதம் 1993-இல் இருந்ததைப் போல 15 மடங்கு. இறப்பு விகிதமோ அசையவில்லை. வாழ்நாள் முழுக்கத் தொந்தரவே தந்திராத கட்டிகளுக்காகப் பல்லாயிரம் பேர் சுரப்பியை இழந்து, தினமும் மாத்திரை விழுங்க நேர்ந்தது.

மார்பகப் புற்றுநோய் இதற்கு நேர்மாறு. மிக முன்னேறிய நாடுகளில் 12 பெண்களில் ஒருவருக்கு அது வருகிறது. இறப்பவர் 71-இல் ஒருவர். பின்தங்கிய நாடுகளில் 27 பேரில் ஒருவருக்குத்தான் வருகிறது, இறப்பவரோ 48-இல் ஒருவர். குறைவாக வந்து அதிகம் கொல்கிறது என்றால் குற்றவாளி நோய் மட்டுமல்ல. தாமதமாகக் கண்டறிவதும், எட்டாத சிகிச்சையும்தான்.

நுரையீரல் புற்றுநோயில் இரண்டு எண்களும் நெருங்கியே நிற்கின்றன: 25 லட்சம் நோயாளிகள், 18 லட்சம் சாவுகள். இங்கே சிகிச்சையைவிடப் புகையை நிறுத்துவதே பெரிய வேலை. அமெரிக்காவில் 1991-க்குப் பிறகு புற்றுநோய் இறப்பு விகிதம் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததற்குச் சிகரெட் குறைந்தது முக்கியக் காரணம்.

இவற்றையெல்லாம் அறிய நம்பகமான பதிவேடு வேண்டும். ஏழை நாடுகள் பலவற்றில் அது இல்லை. சென்னையில் 1982 முதல் இருக்கிறது. அங்கே கருப்பைவாய்ப் புற்றுநோய் படிப்படியாக இறங்க, மார்பகப் புற்றுநோய் முதலிடத்துக்கு ஏறியிருக்கிறது. தாமதமாகத் திருமணம் செய்து ஒன்றிரண்டு பிள்ளைகளோடு நிறுத்திக்கொள்வது முன்னதன் ஆபத்தைக் குறைக்கும். பின்னதன் ஆபத்தைக் கூட்டும்.