தக்கை அசையும் வரை

பின்லாந்தின் மிகப் பெரிய ஏரி சைமா. தென்கிழக்கில், ஆயிரக்கணக்கான தீவுகளோடு பரந்து கிடக்கிறது. கரையோரம் உள்ள புமாலா போன்ற சிற்றூர்களில் மரவீடு வாடகைக்கு எடுத்தால், பெரும்பாலும் துடுப்புப் படகும் சேர்ந்தே கிடைக்கும். ஜூன் மாதத்தில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். அவசரமே இல்லை!

தக்கை கட்டிய சாதாரணத் தூண்டிலில் மண்புழு கோத்து மீன் பிடிக்க அங்கே உரிமம் வேண்டாம், கட்டணமும் கிடையாது. வெளிநாட்டவருக்கும் அப்படித்தான். ஆனால் ஊரார் விரும்பும் முயிக்கு என்ற சின்ன மீன் பெரும்பாலும் வலைக்குத்தான் வரும். மாவில் புரட்டி, வெண்ணெயில் பொரித்து, நெத்திலி போல முள்ளோடு மென்றுவிடுகிறார்கள்.

பனியுகம் முடிந்தபோது கடலிலிருந்து பிரிந்து, இந்த ஏரியிலேயே தங்கிவிட்ட சீல் இனம் ஒன்று உண்டு. உலகில் வேறெங்கும் இல்லாத அவற்றில் சில நூறுதான் மிச்சம். குட்டிகள் சிக்கிக்கொள்ளக் கூடாதென்று, அவை வாழும் பகுதிகளில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 30 வரை வலை கட்டத் தடை. தூண்டிலுக்கு அந்தத் தடை இல்லை.